கிடாவிடம் கேட்பது

நெல்லிவாசல்நாட்டில் மங்கம்மாளுக்கு ஒரு பேர் உண்டு. அவள் கையால் தண்ணீர் தெளித்தால் கிடா முதல் தடவையிலேயே சிலுப்பிவிடும் என்பதுதான் அந்தப் பேர். மலைமேல் நாலு ஏக்கர் சாமைக் கொல்லையும் ஏழு புளியமரமும் ஒரு ஓட்டு வீடும் வைத்துக்கொண்டு, கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் உருட்டுகிற ஒருத்திக்கு ஊர் வேறு என்ன பேர் கொடுத்துவிடும்? கிடைத்த பேரை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய் அவர்கள் ஊர்க் காளியம்மனுக்குக் கிடா வெட்டு. வெட்டுவதற்கு முன்னால் கிடாவைக் கேட்க வேண்டும். கேட்காமல் வெட்டினால் அது பூசை இல்லை, கசாப்பு. வேண்டிக்கொண்ட வீட்டுப் பெண்பிள்ளை மஞ்சள் கரைத்த தண்ணீரைச் சொம்பில் கொண்டு வந்து, வேப்பிலையால் எடுத்துக் கிடாவின் நெற்றியிலிருந்து வால் வரைக்கும் தெளிப்பாள். பம்பை மேளம் நின்றுவிடும். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கிடா உடம்பு முழுக்கச் சிலுப்பினால் அது உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. மூன்று தடவை தெளித்தும் சிலுப்பாமல் நின்றால் அந்த வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது. கிடா திரும்பிப் போகும், வேண்டுதல் நிறைவேறாமல் நிற்கும். யார் உயிருக்காக வேண்டிக்கொண்டார்களோ அந்த உயிருக்கு அம்மன் அதற்குமேல் பொறுப்பில்லை.

இதிலும் ஏமாற்று உண்டு. காதுக்குள் கொஞ்சம் தண்ணீரை விட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும். அவசரக்காரர்கள் நாலைந்து பேர் அப்படிச் செய்வது ஊருக்கே தெரியும். தெரிந்தும் யாரும் சொல்லிக்காட்ட மாட்டார்கள். மங்கம்மாள் மட்டும் சொல்லிக்காட்டுவாள். "அது கேக்கறது இல்ல, காதைப் புடிச்சுத் திருகறது" என்பாள். அவளுக்கு அப்படிச் சொல்லத் தகுதி இருந்தது.

பத்தொன்பது வயதில் இரண்டு மலை தாண்டி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வருச ஆடியில் மாமியாருக்குக் காய்ச்சல். புதுப்பெண் கையில் சொம்பைக் கொடுத்து முன்னால் தள்ளிவிட்டார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. என்ன சொல்லிக் கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. குனிந்து கிடாவின் முகத்துக்கு நேராக, "போறியா?" என்று கேட்டுவிட்டுத் தெளித்தாள். தெளித்த கையை எடுப்பதற்குள் கிடா சிலுப்பியது. அவள் புடவையெல்லாம் மஞ்சள் தண்ணீர். அதையும் சேர்த்து இருபத்தேழு வருசத்தில் அந்த வீடு பதினோரு கிடா கொடுத்தது. பதினொன்றும் முதல் தடவையிலேயே சிலுப்பின.

குட்டியாய் இருக்கும்போதே மடியில் போட்டுத் தழை ஊட்டி வளர்த்ததை வெட்டக் கொடுக்க அவளால் எப்படி முடிந்தது என்றால், அது போகிறேன் என்று சொன்னதால்தான். ஒவ்வொரு தடவையும் அழுவாள். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து கறிச்சோறு தின்பாள். சம்மதிச்ச உசுரு என்பாள், அதனால்தான் தொண்டையில் இறங்குகிறது என்பாள். இது அவளுடைய நியாயம். இதைவிடப் பெரிய நியாயம் எதையும் அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

பன்னிரண்டாவது கிடா அவள் மகன் நவீன்குமாருக்காக வேண்டிக்கொண்டது. ஒரே மகன். சென்னையில் கண்காட்சிக் கூடங்களுக்குப் பலகைத் தடுப்பு அடித்து விளக்கு மாட்டுகிற வேலை. இரண்டு வருசத்துக்கு முன்னால் டெங்குக் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் அணுக்கள் குறைந்து, பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் நின்றுகொண்டு அவனுடைய சிநேகிதன் சொன்னதைக் கேட்டாள். கேட்ட இடத்திலேயே கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, அந்த வாரம் பிறந்த கருப்புக் குட்டியைக் காளித் தாய்க்கு என்று சொல்லிவிட்டாள். மகன் பிழைத்தான். குட்டிக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. அதன்பிறகு அதை யாரும் பேர் வைத்துக் கூப்பிடக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது, எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. அது ஊரெல்லாம் மேய்ந்து, நாலு காலும் வெள்ளையாய், தெருவே அதனுடையது என்கிற மிதப்போடு வளர்ந்தது.

போன வருச ஆடிக்கு நவீன்குமார் ஒரு மேடத்தைக் கூட்டி வந்தான். ராஜேஸ்வரி என்று பேர். கலைஞர். அவர் வைக்கிற கண்காட்சிக்கு இவன்தான் விளக்கு மாட்டுவான். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாலும் கைத்தறிப் புடவை கட்டி, கோயிலுக்கு நூறு அடி முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பேசினால் வேற்றாளாய்த் தெரியவில்லை. கண்ணமங்கலத்தில் நெல் மண்டி வைத்திருந்தவர் மகளாம்.

அந்த வருசம் பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் கிடாவைக் கேட்டார்கள். ராஜேஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றார். கிடா சிலுப்பியதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்க வூட்லயும் வெட்டுவாங்க அக்கா. ஒரு தடவ கூட யாரும் ஆட்டைக் கேட்டது இல்ல" என்றார் மங்கம்மாளிடம்.

"கேக்காம எப்படிங்க வெட்டறது? உசுரு அதோடதுங்களே."

இந்த வார்த்தையை ராஜேஸ்வரி சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். மங்கம்மாள் சொன்ன ஒன்றை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவம், எழுதுகிறவர்கள் எதற்கு எழுதிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும்.

இந்த வருசம் ஆனி பிறந்து நாலைந்து நாளில், ஷேர் ஜீப்பில் நவீன்குமாரும் ராஜேஸ்வரியும் வந்து இறங்கினார்கள். மங்கம்மாளின் வீட்டுக்காரர் கோபால்சாமி கொல்லையிலிருந்து வரும் வரைக்கும் காத்திருந்து, பிறகு விசயத்தைச் சொன்னார்கள். சென்னையில் பத்து நாள் கண்காட்சி. அதில் கிடா ஒரு கண்ணாடி அறைக்குள் நிற்கும். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார்கள். அவ்வளவுதான். ஒரு மயிர்க்காலுக்குக்கூட ஆபத்து வராது. மங்கம்மாளும் கூடவே வந்து கிடாவைப் பார்த்துக்கொள்ளலாம். ஆடி பிறப்பதற்குள் பத்திரமாகத் திரும்பிவிடலாம்.

"வேற ஆட்டைக் கூட்டிம்போங்க" என்றாள் மங்கம்மாள்.

"வேற ஆடுன்னா அதுக்கு அர்த்தம் இல்ல அக்கா. இதுக்குத்தான் நாளு குறிச்சிருக்குது. இது உசுரோட இருக்கறதே ஆடி வரைக்கும். அத ஜனங்க நேருக்கு நேரா நின்னு பாக்கணும்."

மங்கம்மாளுக்கு அது சரியாகப் படவில்லை. எழுந்து உள்ளே போனாள். நவீன்குமார் பின்னாலேயே போனான்.

"யம்மா, பத்து நாளு எங்கூட இரும்மா. நான் எப்படிக் கீறேன்னு நீ வந்து பாத்ததே இல்ல. இவங்க என்னைய நிரந்தரமா அவங்க பட்டறையிலயே சேத்துக்கறேன்னு சொல்லிக்கீறாங்க."

வருசத்தில் இரண்டு நாள் வந்து போகிற மகன். அவனோடு பத்து நாள். அவள் மனசு அங்கே இளகியது. இருந்தாலும் சாமி விசயம் என்று பூசாரி சடையனிடம் போய்க் கேட்டாள். ஆடிக்கு முன்னால் கிடாவுக்குத் தண்ணீர் தெளித்தால் குற்றமாகாதா என்று கேட்டாள். சடையன் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"மஞ்சத் தண்ணியா?"

"இல்ல, பைப்புத் தண்ணிதானாம்."

"மஞ்ச இல்ல, வேப்பல இல்ல, தாயி சன்னிதி இல்ல. அப்புறம் இன்னா? வெறுந்தண்ணி. மழயில நனையறது இல்லியா, அந்த மாதிரிதான். போய்ட்டு வா."

அவளும் அதையேதான் நினைத்திருந்தாள். வெறும் தண்ணீருக்கும் மஞ்சள் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதவளா தாய்? சாமி பக்கம் என்னென்ன கேட்க வேண்டுமோ அத்தனையும் கேட்டு முடித்தார்கள். கிடாவுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கிடாவைக் கேட்டுத்தான் எதையும் செய்வோம் என்று பேர் எடுத்த ஊர் அது.

கண்காட்சிக் கூடம் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக, குளிராக இருந்தது. வெளியே ஆனி வெயில் கொளுத்த, உள்ளே மங்கம்மாள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் கண்ணாடி அறை. தரையில் வைக்கோல். ஒரு பித்தளைச் சொம்பு. சுவரில் சிவப்பு விளக்கில் எண்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் தெளிக்கும்போதும் ஒன்று கூடும். வாசலில் 'சம்மதம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. மங்கம்மாளுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் கிடாவைப் பார்த்துவிட்டு அவளையும் சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. தெளித்த உடனே கிடா சிலுப்பும், ஜனங்கள் கைதட்டுவார்கள், சிலர் உடனே முகத்தை மூடிக்கொள்வார்கள். ஒரு பெண் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். ஏன் அழுகிறாள் என்று மங்கம்மாள் மகனைக் கேட்டாள். "அதுக்குத்தாம்மா காசு குடுத்து வர்றாங்க" என்றான் அவன். சாயந்தரம் கூடத்தைப் பூட்டியதும் இருவரும் பரோட்டா வாங்கித் தின்றார்கள். மகன் தங்கியிருக்கிற அறையைக் கூட்டிப் பெருக்கி, அவன் சட்டைகளைத் துவைத்துப் போட்டாள். சந்தோசமாகத்தான் இருந்தாள். பிறகு நடந்ததையெல்லாம் நினைக்கும்போது இந்தச் சந்தோசம்தான் அவளுக்கு ரொம்பக் கசந்தது.

மூன்றாம் நாள் சுவரில் எண் முந்நூறைத் தாண்டியிருந்தது. கிடாவின் முதுகு காயவே இல்லை. தெளித்தால் சிலுப்பியது, ஆனால் பாதியிலேயே விட்டுவிட்டது. மங்கம்மாள் முக்காலியை விட்டு எழுந்து ராஜேஸ்வரியிடம் போனாள்.

"போதுங்க மேடம். அதுக்குக் குளுருது."

ராஜேஸ்வரி கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது. மங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க சிலுப்புனா குளுருதுன்னு சொல்றீங்க. ஊர்ல சிலுப்புனா சம்மதம்னு சொல்றீங்க. ரெண்டும் ஒரே சிலுப்பு. எது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

மங்கம்மாள் கண்ணாடிக்குள் நின்ற கிடாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுதாங்க்கா நான் கேக்கற கேள்வி. உங்களை இல்ல. எல்லாரையும்" என்றார் ராஜேஸ்வரி. அவர் முகத்தில் உண்மையான பிரியம் இருந்தது. ஒருத்தியின் காலடி மண்ணைப் பறித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்வதற்கும் ஒரு படிப்பு வேண்டும். குளிரை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள் கிடா தோலை மட்டும் ஒரு துடி துடித்தது. ஆறாம் நாள் அதுவும் இல்லை. நெற்றியில் தண்ணீர் விழும், மூக்கு வழியாக ஒழுகும், அது அசைபோட்டுக்கொண்டு நிற்கும். ராஜேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டார். "மறுக்குது. பாருங்க, அது மறுக்குது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். கேமரா வைத்திருந்தவன் கிட்டே போய் எடுத்தான். கிடா எதையும் மறுக்கவில்லை. அதற்கு அலுத்துவிட்டது. இதைச் சொல்ல அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் வாசலில் சத்தம். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டதாம். ஆடுமாடு நாய் பூனைகளுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் பதினைந்து பேர் அட்டை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். நல்ல பிள்ளைகள். ஒரு பெண் உள்ளே வந்து கிடாவைத் துண்டால் துடைத்துவிட்டாள். ஆறு நாளில் மங்கம்மாளைத் தவிர அதைத் துடைத்துவிட்ட முதல் ஆள் அவள். மங்கம்மாளுக்கு அந்தப் பெண்ணைக் கும்பிடலாம்போல இருந்தது.

"இது உங்க ஆடாம்மா?"

"ஆமாங்க."

"இங்கிருந்து கூட்டிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

"ஆடியில சாமிக்கு வெட்டிருவோம்" என்றாள் மங்கம்மாள். பொய் சொல்ல அவளுக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பெண் கையிலிருந்த துண்டோடு இரண்டு அடி பின்னால் போனாள். அப்புறம் யாரும் ராஜேஸ்வரியைப் பார்த்துக் கத்தவில்லை. சாயந்தரத்துக்குள் மங்கம்மாளின் முகம் எல்லார் செல்போனிலும் இருந்தது. கொலைகாரி என்று எழுதியிருந்ததை நவீன்குமார் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ராஜேஸ்வரியோ ஒரு டிவிக்காரருக்கு நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மைச் சங்கடப்படுத்துவதுதான் கலையின் வேலை என்றார். கால்நடை டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கிடாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கூடத்துக்காரர்கள் கண்காட்சியை மறுநாளே மூடிவிட்டார்கள். இத்தனை பேர் அந்தக் கிடாவுக்காகப் பேசினார்கள். அதற்கு அகத்திக்கீரை வாங்க மங்கம்மாள்தான் கோயம்பேடு போகிற பஸ் எது என்று விசாரித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சின்னச் சரக்கு வண்டியில் கிடாவோடு ஊர் திரும்பினாள். ஒடுகத்தூர் தாண்டி மலை ஏறும்போது கிடா காற்றை மோந்து குரல் கொடுத்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஆடி பிறந்த நாலாம் நாள் மழை. கொல்லையில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் அலறிக்கொண்டு ஓடிவந்து தாழ்வாரத்தில் ஒண்டிச் சிலுப்பின. சாமிக்கிடா மட்டும் வாசலில் நின்றது. மழை அதன் முதுகில் விழுந்து வயிற்று வழியாக ஓடியது. அது அசைபோட்டுக்கொண்டே மங்கம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப் போய் அதை இழுத்து வந்து துணியால் துவட்டினாள். ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வந்து, யாரும் பார்க்காமல் தெளித்துப் பார்த்தாள். நின்றது. மறுபடியும் தெளித்தாள். நின்றது.

"ஏன்யா, இது சிலுப்ப மாட்டேன்னுது" என்றாள் கோபால்சாமியிடம்.

"இன்னும் பத்து நாளு கீது இல்ல. மறந்துடும்."

"எத மறக்கும்?"

நவீன்குமார் விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தான். லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்றான். மழை சீசனில் எல்லாருக்கும் அடிக்கிற காய்ச்சல்தான். மங்கம்மாள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையை ரொம்ப நேரம் தன் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் செவ்வாய் வந்தது. பம்பை அடித்தார்கள். மகன் சட்டையில்லாமல், இடுப்பில் வேட்டியோடு, சன்னிதிக்கு எதிரே நின்றான். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். சடையன் கையைத் தூக்கியதும் பம்பை நின்றது. மங்கம்மாள் குனிந்து, இருபத்தேழு வருசமாகக் கேட்பதுபோலவே, "போறியா?" என்று கேட்டாள். வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள்.

கிடா நின்றது.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மங்கம்மாளின் கை, ஒரு தடவை தவறிவிட்டது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை நெற்றியிலிருந்து வால் வரைக்கும் தாராளமாகவே தெளித்தாள். மஞ்சள் தண்ணீர் அதன் மூக்கு வழியாக ஒழுகியது. நாக்கை நீட்டி நக்கிக்கொண்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"மங்கம்மா, வூட்ல இன்னா குத்தம்?" என்று கேட்டார் சடையன். அப்படிக் கேட்பதுதான் முறை. "சொல்லிடு. தாயி முன்னால சொல்லிட்டா ஒண்ணும் இல்ல."

வெறுந்தண்ணி, போய்ட்டு வா என்று சொன்னது அவர்தான். அது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. மங்கம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் குற்றம் எது என்று எப்படிச் சொல்வது? எழுநூறு பேர் இதைக் கேட்டார்கள், நானூறு ஐந்நூறு தடவை இது சரி என்றது, ஒரு தடவைகூட ஒன்றும் நடக்கவில்லை, தண்ணீருக்கு அர்த்தம் இல்லை என்று இது கற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்வதா? சொன்னால் கிடா வீடு திரும்பும். வேண்டுதல் நிற்கும். அடுத்த ஆடி வரைக்கும் அவள் மகன் சென்னையில், கொசுக்களுக்கு நடுவில், அம்மன் காவல் இல்லாமல் இருப்பான். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபால்சாமி அவள் காதுகிட்டே குனிந்தார். "காதுல கொஞ்சம் வுடு" என்றார், மெதுவாக.

அவள் அவரைப் பார்த்தாள். வேறு ஒருவர் சொல்லியிருந்தால் சொம்பாலேயே அடித்திருப்பாள். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அந்த ஆள் இருபத்தேழு வருசத்தில் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்றாம் தடவை அவள் வேப்பிலையைத் தொடவில்லை. சொம்பிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதுபோலக் குனிந்தாள். கிடா அவளை அடையாளம் கண்டு, அகத்திக்கீரை வாங்கிக் கொடுத்த அந்தக் கையை முகர்ந்தது. இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. இடது கையால் காதை மடித்துப் பிடித்து, வலது கைத் தண்ணீரை உள்ளே சரித்தாள்.

கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது.

குலவை கிளம்பியது. பம்பை இடி மாதிரி முழங்கியது. "மங்கம்மா கைன்னா கைதான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் சொல்லிக்காட்ட மாட்டார்கள். அவள் ஒருத்திதான் சொல்லிக்காட்டுகிறவள். கத்தி இறங்கியது. மஞ்சள் தண்ணீர் பட்ட அவள் புடவையில் மற்றதும் பட்டது.

நவீன்குமாருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஊர் அதைத் தாயின் கருணை என்றது. அவன் செல்போனுக்கு ராஜேஸ்வரி எழுதியிருந்தார்: ஊரில் என்ன ஆயிற்று, கிடா மறுத்ததா? சிலுப்பிவிட்டது என்று அவன் பதில் போட்டான். அவர் கும்பிடுகிற கையும் அழுகிற முகமும் அனுப்பினார். ஆறாம் நாள் எடுத்த வீடியோவை, கிடா அசையாமல் நிற்கிற அதை மட்டும், வெளிநாட்டில் காட்டக் கேட்டிருக்கிறார்களாம். அதற்கு 'மறுப்பு' என்று பேர் வைத்திருக்கிறாராம். மகன் படித்துக் காட்டியபோது மங்கம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

விழா அன்று கறிச்சோறு பரிமாறினாள். எல்லோரும் கூப்பிட்டும் உட்காரவில்லை. விரதம் என்றாள். கிடா வெட்டிய அன்றைக்கு என்ன விரதம் என்று யாரும் கேட்கவில்லை. அவள் மனசு முழுக்கப் பழைய பதினொன்றும் வந்து நின்றன. பத்தொன்பது வயதில் தெளித்தாளே, அந்தச் செங்கிடா. மகன் பிறந்த வருசம் கொடுத்த வெள்ளை. கால் ஊனமாய்ப் பிறந்து, தோளில் தூக்கிக்கொண்டு மேய்த்த ஒன்று. எல்லாம் ஆடி மாதம், விடிகாலை, மலைக் காற்று, சுனையிலிருந்து எடுத்து வந்த தண்ணீர். குளிர்ந்திருக்கும். வேறு ஒன்றும் இல்லை, குளிர்ந்திருக்கும். அவள் போறியா என்று கேட்டாள். அவை குளிருது என்றன. அதை வைத்துத்தான் இத்தனை வருசம் கண்ணைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து தின்றாள். அந்த மேடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டவர் பதிலைப் பற்றிக் கவலைப்படாமல் வெளிநாடு போகிறார். பதில் இவள் தலையில் விடிந்தது.

ஆவணி பிறந்து ஒரு நாள், மங்கம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஈஸ்வரி வந்தாள். கையில் ஒரு குட்டி. கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"அக்கா, பேத்திக்கு வேண்டிக்கினேன். வர்ற வருசம் இதுக்கு நீயே தெளிச்சு வுடு. உங்கை பட்டா இது மொதத் தடவையே சரின்னுடும்."

மங்கம்மாள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"எங்கையில ஒண்ணும் இல்ல, ஈஸ்வரி. காதுல வுடு, சிலுப்பும். குளுருனா சிலுப்பும். அது சரின்னு சொல்லுச்சுன்னு நாமதான் சொல்லிக்கிறோம்."

ஈஸ்வரி சிரித்தாள். வாய்த்துடுக்கு பிடித்தவள், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு குட்டியோடு போய்விட்டாள். மங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினாள். பாதி வழியில் தூறல் பிடித்தது. பின்னால் வந்த ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலுப்பின. அவள் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.